பெரிய பல்சக்கரம் மாட்டிய வருஷம்

அந்த ரேசில் நான்தான் கடைசி. கடைசி என்றால் சாதாரணக் கடைசி இல்லை. எனக்கு முன்னால் போனவர்களெல்லாம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் மைதானத்தின் அந்தக் கோடியில் கையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மைக் பிடித்திருந்தவர், "கடைசிப் போட்டியாளரும் மனம் தளராமல் வந்துகொண்டிருக்கிறார், கைதட்டி உற்சாகப்படுத்துங்கள்" என்றார். கூட்டம் மொத்தமும் கைதட்டியது. தோற்றதைக் கூடத் தாங்கிக்கொண்டேன், அந்தக் கைதட்டலைத்தான் தாங்க முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. வில்லியனூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஊனமுற்றோர் விளையாட்டு விழா என்று வருஷத்துக்கு ஒருமுறை நடத்துவார்கள். அதில் மூணு சக்கர சைக்கிள் பந்தயம்தான் பெரிய விஷயம். எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து இரண்டு காலும் வலுவிழந்துவிட்டன. பாகூரில் எங்கள் வீட்டு முன்னறையில் கையால் சுற்றும் தையல் மிஷினை வைத்துக்கொண்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். பெண்களுக்குத் தனியாகப் பந்தயம் இல்லை, ஆள் சேரவில்லை என்று ஆண்களோடு சேர்த்து விட்டுவிட்டார்கள். அதனால் ஒன்றுமில்லை. மிஷின் சுற்றிச் சுற்றி என் கைகள் எந்த ஆம்பளைக்கும் குறைந்தவை இல்லை. குறை இருந்தது வண்டியில்.

அரசாங்கத்தில் கொடுத்த வண்டி அது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. மார்புக்கு நேராக இரண்டு கைப்பிடி இருக்கும். அதைச் சைக்கிள் பெடல் மாதிரி கையால் சுற்றினால் செயின் கீழே இறங்கி முன்சக்கரத்தைத் திருப்பும். அதே கைப்பிடியைத் திருப்பினால் வண்டியும் திரும்பும். எல்லாம் கெட்டி இரும்பு. சீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டி, தலைக்கு மேல் வெயிலுக்குத் துணி கட்ட நாலு கம்பி. இவ்வளவையும் இழுத்துக்கொண்டுதான் நான் ரேஸ் ஓடினேன்.

கூட்டத்தில் கைதட்டாத ஒரே ஆள் என் அண்ணி. முடிவுக் கோட்டைத் தாண்டி நான் நின்றதும் நேராக வந்தாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு தட்டு தட்டினாள். அது அரைச் சுற்று சுற்றி, கரகரவென்று முனகி நின்றது.

"இது வண்டியாடி? ஆட்டுக்கல்லுடி இது" என்றாள்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, அதனால் எங்களுக்குள் மரியாதை எல்லாம் கிடையாது. அவளுடைய அப்பா மதகடிப்பட்டு கூட்டுரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவருக்கு எல்லாம் பெண் பிள்ளைகள். இவள்தான் மூத்தவள். பஞ்சர் ஒட்டுவது, ரிம் பெண்டு எடுப்பது, மொத்தமாகப் பிரித்து மாட்டுகிற ஓவராயில் என்று எல்லாமே பாவாடை கட்டிய காலத்திலிருந்து செய்தவள். கல்யாணம் ஆகி வந்த பிறகு எங்கள் வீட்டில் அவளிடம் யாரும் ஸ்பானர் கொடுக்கவில்லை. கரண்டிதான் கொடுத்தோம்.

அண்ணன் கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். அன்று என்னையும் வண்டியையும் டிரெய்லரில் ஏற்றித்தான் திரும்பினோம். வழி முழுக்க அண்ணி என் வண்டிக்கு அடியில் படுக்காத குறையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள். பாகூர் வருவதற்குள் எதைக் கழற்றுவது, எதை மாட்டுவது என்று எல்லாம் அவள் மனசுக்குள் முடிவாகிவிட்டது.

மறுநாளே கழற்ற ஆரம்பித்தாள். பின்பெட்டி போனது. துணிக்கம்பி போனது. மட்கார்டு போனது. இரும்பு சீட்டை எடுத்துவிட்டு, கட்டிலுக்குப் பின்னுகிற நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினாள். மிஷினில் அதன் ஓரங்களை நான் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். பிறகு வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தின் அச்சைப் பிரித்தாள். உள்ளே இருந்த இரும்புக் குண்டுகளைக் கையில் கொட்டிக் காட்டினாள். துருப்பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, மிளகு மாதிரி இருந்தன.

"இத வெச்சிக்கினுதான் நீ ரேசு ஓடியிருக்க. உன் கையத்தான்டி பாராட்டணும்."

புதுக் குண்டு வேண்டும். அதற்கு அவள் அப்பா கடைக்குப் போக வேண்டும். "அம்மா வூட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று அவள் கிளம்பினால் எங்கள் அம்மாவுக்குச் சந்தோஷம், திரும்பி வரும்போது ஏதாவது பலகாரம் வரும் என்று. அப்படித்தான் ஒரு தடவை கனமான பை ஒன்றோடு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அம்மா ஆசையாகக் கையை விட்டாள். முழங்கை வரைக்கும் கிரீஸ் ஆனது. வெளியே எடுத்தது பெரிய சைக்கிளின் பல்சக்கரம்.

"இன்னாடி இது, அதிரசமா?" என்றாள் அம்மா.

அன்றுதான் அண்ணனுக்கும் விஷயம் முழுசாகத் தெரிந்தது. வாசலில் கழற்றிக் கிடந்த இரும்பை எல்லாம் பார்த்துவிட்டு, "கவர்மெண்டு வண்டிய அறுத்துப் போட்டுட்டீங்களே, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல இருந்து கேட்டா இன்னா சொல்லுவீங்க?" என்றான்.

"வண்டி இப்பத்தான் ஓடுதுன்னு சொல்லுவோம்" என்றாள் அண்ணி.

அந்தப் பெரிய பல்சக்கரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். பழையது சின்னது, கையை ஒரு சுற்று சுற்றினால் முன்சக்கரமும் ஒரு சுற்றுதான் போகும். பெரியதைக் கைப்பிடியில் மாட்டினால் கை ஒரு சுற்று, சக்கரம் இரண்டு சுற்று. ஆனால் கிளப்பும்போது இழுவை அதிகம், தோள் கழன்றுவிடும்போல இருக்கும். "உனுக்குத் தெம்பு கீது. எடுத்த எடுப்புல கஷ்டம், அப்புறம் பறப்ப" என்றாள். கைப்பிடி பெரிதாகச் சுற்ற இடம் வேண்டும் என்று என் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினாள். செயினுக்கு இன்னும் நாலு கண்ணி சேர்த்துப் போட்டாள்.

எல்லாம் முடிந்ததும் சக்கரத்தைத் தூக்கி ஒரு தட்டு தட்டினாள். சத்தமே இல்லை. சுற்றியது, சுற்றியது, அண்ணி உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, நான் குடித்து முடித்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

ஓட்டிப் பார்க்க ஏரிக்கரைக்குப் போனோம். பாகூர் ஏரிக்கரை நீளமான பாதை, காலையில் மாடு ஓட்டுகிறவர்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். முதல் சில சுற்று இழுக்கவே முடியவில்லை. பிறகு திடீரென்று கை லேசானது. அண்ணியின் காலடிச் சத்தம் பின்னால் கேட்டது, கொஞ்ச நேரத்தில் அது கேட்கவில்லை. பிறகு அவள் குரலும் கேட்கவில்லை. காதுக்குள் காற்றுதான் இரைந்தது. என் பின்னல் பின்னால் பறந்தது. அதுவரை என்னை யாராவது தூக்கித்தான் வேகமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள், பஸ்ஸோ டிராக்டரோ. நானே என் கையால் வேகமாகப் போனது அன்றைக்குத்தான். கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, ஒரு கொக்குக் கூட்டம் எழும்பிப் பறந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கரை வளைகிற இடத்தில் நானும் வளைத்தேன். உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. அடுத்த நொடி நான் கரைச் சரிவில் புல்லுக்குள் கிடந்தேன், வண்டி எனக்கு மேலே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

அண்ணி மூச்சு வாங்க ஓடிவந்து சேர்ந்தாள். "அடியே, செத்துட்டியா?"

"இல்ல அண்ணி. இன்னொரு வாட்டி."

அவள் முதலில் என் கையையும் முழங்கையையும் தடவிப் பார்த்தாள். சிராய்ப்புதான். பிறகு உடனே வண்டியைப் பார்க்கப் போய்விட்டாள். வேகம் வந்தது, ஆனால் திரும்பினால் கவிழ்கிறது. அதற்கு என்ன செய்வது என்று இரண்டு பேரும் புல்லிலேயே உட்கார்ந்து பேசினோம். உயரமான சீட்டில் உட்கார்ந்திருப்பதால்தான் சாய்கிறது என்றேன் நான். பின்சக்கரம் இரண்டும் நெருக்கமாக இருப்பதால்தான் என்றாள் அவள். கடைசியில் இரண்டையும் செய்தோம். சீட்டைத் தரையைத் தொடுகிற மாதிரி இறக்கினோம், கைப்பிடித் தண்டையும் அதற்கேற்பச் சாய்த்தோம். அச்சை மதகடிப்பட்டில் லேத் பட்டறையில் கொடுத்து இரண்டு பக்கமும் ஒரு சாண் நீட்டி வாங்கி வந்தாள். என் இடுப்பைச் சீட்டோடு கட்ட ஒரு பெல்ட் தைத்தேன், ஜாக்கெட் கொக்கியைவிடப் பெரிய கொக்கி வைத்து. அதைக் கட்டிக்கொண்டால் திருப்பத்தில் உடம்பை வெளியே சாய்க்கலாம். எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தப் பக்கம் சாய வேண்டும். இதைப் பழகத்தான் நாளானது.

பிரேக்குக்கும் ஒரு வழி செய்தாள். முன்சக்கரத்தைத் தாங்குகிற கவையின் தண்டில் ஒரு பிடியை வைத்தாள், அதை அழுத்தினால் ரப்பர் கட்டை ரிம்மைக் கவ்வும். ஆனால் அதை அழுத்த ஒரு கையைச் சுற்றுவதிலிருந்து எடுக்க வேண்டும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணிக்கு அலங்காரம் இல்லாமல் ஆகாது. "வண்டின்னா ஒரு களை வாணாமா?" இரண்டு மணி, வட்டக் கண்ணாடி, கைப்பிடியில் தொங்கச் சிவப்பு பிளாஸ்டிக் குஞ்சம், டைனமோ லைட்டு. டைனமோ சக்கரத்தில் உரசினால் வேகம் குறையும் என்று நான் சண்டை போட்டேன். எடை கூடுகிறது என்று ஒரு மணியையும் கழற்றச் சொன்னேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கடைசியில் லைட்டை ரேஸ் முடிந்த பிறகு மாட்டிக்கொள்வது, கண்ணாடியும் குஞ்சமும் இருக்கட்டும் என்று சமாதானம் ஆனோம். மணி விஷயத்தில் அவள் தோற்கவில்லை, இரண்டும் இருந்தன.

அண்ணன் ஒருநாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதில் உட்கார்ந்து பார்த்தான். தெருமுனை வரை போய்விட்டு வருவான் என்று ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் ஆளைக் காணோம். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து இறங்கியவன், "செயின் கொஞ்சம் லூசா கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு கவர்மெண்டு வண்டி என்ற பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த விழா வந்தது. மறுபடியும் டிராக்டர், மறுபடியும் வில்லியனூர். வருஷா வருஷம் முதல் பரிசு வாங்குகிறவர் காட்டேரிக்குப்பத்துக்காரர் ஒருவர், ஊரில் வண்டியிலேயே வேர்க்கடலை விற்கிறவர். தோள் இரண்டும் நெல் மூட்டை மாதிரி இருக்கும். என் வண்டியைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, படுத்துக்கினே ஓட்டப் போறியா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.

விசில் ஊதினார்கள். எல்லோரும் கிளம்பினார்கள், நான் கிளம்பவில்லை. இழுக்கிறேன், இழுக்கிறேன், பெரிய பல்சக்கரம் அசைகிற மாதிரி தெரியவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் "பாவம்" என்றது காதில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். ஒரு சுற்று. இரண்டாவது. அப்புறம் அந்த லேசு வந்தது, ஏரிக்கரையில் வந்த அதே லேசு.

முதல் திருப்பத்துக்கு முன்னாலேயே மூன்று பேரைத் தாண்டிவிட்டேன். திருப்பத்தில் எல்லோரும் கவிழ்ந்துவிடுமோ என்று பயந்து வேகத்தைக் குறைப்பார்கள். நான் குறைக்கவில்லை. இடது பக்கம் தரையில் தலை படுகிற அளவுக்குச் சாய்ந்தேன். கூட்டம் "ஏய் ஏய் ஏய்" என்றது, விழப்போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். சக்கரம் ஒன்றும் எழும்பவில்லை. எதிர்ப்பக்கத்து நேர்ப்பாதையில் எனக்கு முன்னால் ஒரே ஒரு முதுகுதான் இருந்தது, காட்டேரிக்குப்பத்துக்காரர் முதுகு. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். அவர் கண் விரிந்ததை நான் பார்த்தேன். கடைசித் திருப்பத்தில் வெளிப்பக்கமாக ஏறிப் போனேன். அண்ணி மாட்டிய கண்ணாடியில் அவர் முகம் முதலில் பெரிதாகத் தெரிந்தது, அப்புறம் சின்னதாக ஆனது. இரண்டு மணியையும் அடிக்க வேண்டும்போல இருந்தது, கை ஒழியவில்லை.

கோட்டைத் தாண்டினேன். தாண்டிய பிறகுதான் பிரேக் ஞாபகம் வந்தது. ஒரு கையை எடுக்க வேண்டும் என்று மூளை சொல்கிறது, கை இரண்டும் தன்பாட்டுக்குச் சுற்றுகின்றன. சாமியானாக் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே போய், எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம் அடுக்கியிருந்த மேசையில் மோதித்தான் நின்றேன். பொட்டலங்கள் என் மடியில் விழுந்தன. எங்கிருந்தோ ஓடிவந்த அண்ணி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மூக்கை என் தாவணியிலேயே துடைத்தாள். அண்ணன் டிராக்டர் மேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். விழாவை நடத்தியவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், நல்ல மனுஷர், ஆனால் விதி என்றால் விதி. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "கவர்மெண்டுல எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டிதான் குடுத்திருக்காங்க. இது அந்த வண்டியே இல்லை. செல்லாது" என்றார்.

அண்ணி விடவில்லை. "ஒரே மாதிரி வண்டி குடுத்தாங்க சார், சரி. ஒரே மாதிரி கை குடுத்தாங்களா? எல்லாருக்கும் ஒரே மாதிரி உடம்பா கீது?"

அவர் இன்னொரு தடவை வண்டியைச் சுற்றி வந்தார். ஆனாலும் முடிவை மாற்றவில்லை. முதல் பரிசான எவர்சில்வர் குடம் காட்டேரிக்குப்பத்துக்காரருக்குப் போனது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக்கொண்டார். அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் குடம் உருகியிருக்க வேண்டும்.

எனக்கும் கோபம்தான். ஆனால் அந்த வேகம் இன்னும் உடம்பிலிருந்து இறங்கவில்லை. அதனால்தானோ என்னவோ, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் எங்கள் பக்கமாகவே வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தபோது நான் முகத்தைத் திருப்பவில்லை. அவர் குனிந்து பல்சக்கரத்தைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்.

"இன்னாமா பண்ணீங்க இதுல?" என்றார். குரலில் கிண்டலே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். குண்டு மாற்றியதிலிருந்து திருப்பத்தில் சாய்வது வரைக்கும். அண்ணி பின்னாலிருந்து என்னைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். நான் நிறுத்தவில்லை. ஜாக்கெட் கழுத்து எவ்வளவு இறக்கம் என்பதைத் தவிர அதுவரை என்னிடம் யாரும் எதைப் பற்றியும் கேட்டதில்லை.

கொஞ்ச நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாகூர் பஸ் நிறுத்தத்தில் பஸ் கூரையிலிருந்து ஒரு மூணு சக்கர வண்டி இறங்கியது. கூடவே காட்டேரிக்குப்பத்துக்காரரும். கையில் ஒரு பெரிய பை வேர்க்கடலை.

"பெரிய சக்கரம் போட்டுக் குடுங்க" என்றார்.

அண்ணி இடுப்பில் கைவைத்து நின்றாள். "குடம் எங்க?"

"அதுல எங்க வூட்ல தண்ணி மொண்டு வெச்சிக்கினு கீறாங்க. இனிமே எப்பிடிக் கேக்கறது?"

அண்ணி சிரித்துவிட்டாள். அவளுக்கு ஸ்பானரைக் கையில் கொடுத்தால் கோபம் நிற்காது.

அவருக்குப் பிறகு திருபுவனையிலிருந்து ஒருவர், மண்ணாடிப்பட்டிலிருந்து அண்ணன் தம்பி இருவர், வில்லியனூரிலேயே இருந்த ஒரு பெண். ஞாயிறு வந்தால் எங்கள் வாசல் முழுக்கக் கவிழ்த்துப்போட்ட வண்டிகள். அச்சுக்குள் குண்டு அடுக்குவதும் செயின் அளப்பதும் என் வேலை, உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். ஒவ்வொருவர் உடம்புக்கும் தகுந்த மாதிரி சீட்டும் பெல்ட்டும் தைப்பதும் நான்தான். ஒருவருக்கு வலது கை மட்டும்தான் வலு, அவருக்கு ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் நீளமாக்கினோம். அம்மா முணுமுணுத்துக்கொண்டே எல்லோருக்கும் காபி போட்டாள். ஒருநாள் அந்த டிரில் மாஸ்டரே வந்தார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். வெயில் சாயும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, போகும்போது, "அடுத்த வருஷம் எப்படி வேணா மாத்திக்கலாம்னு விதியைத் திருத்திடறேன்" என்றார். அண்ணி அவருக்கு இரண்டாவது காபி கொடுத்தாள்.

அடுத்த வருஷப் பந்தயத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். ஒருவரும் பின்தங்கிப் போகவில்லை. திருப்பத்தில் எல்லா வண்டியும் ஒரே பக்கம் சாய்ந்தபோது கூட்டம் கயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. மைக் பிடித்திருந்தவர் உற்சாகப்படுத்துங்கள் என்று சொல்ல மறந்து, "அய்யய்யோ, அய்யய்யோ" என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தார். காட்டேரிக்குப்பத்துக்காரர் முதல். மண்ணாடிப்பட்டுத் தம்பி இரண்டாவது. நான் மூன்றாவது. அவர்கள் வண்டியையும் நாங்களே அவ்வளவு நன்றாகச் செய்து கொடுத்திருந்தோம்.

"எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தியே, நல்லா வேணும் உனுக்கு" என்றாள் அண்ணி. ஆனால் அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

பரிசு கொடுத்து முடிந்ததும் யாருக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை. யார் ஆரம்பித்தார்களோ, வரிசையாக வில்லியனூர் தேர் வீதிக்குள் வண்டியை விட்டோம். மணி எல்லாம் சேர்ந்து ஒலிக்க, கடைக்காரர்கள் எழுந்து வெளியே வந்து பார்த்தார்கள். அண்ணி என் வண்டியின் நீட்டிய அச்சில் ஏறி நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாலு வீதியையும் சுற்றி வந்து ஒரு சோடாக் கடை முன்னால் நிறுத்தினோம்.

சோடாவைக் குடித்துக்கொண்டே காட்டேரிக்குப்பத்துக்காரர் சொன்னார்: "பாண்டில ஒரு வெள்ளக்காரன் சைக்கிள் பாத்தேன். பின்னால ஒண்ணுக்கு மேல ஒண்ணா அஞ்சு பல்லு சக்கரம். ஒரு கம்பியத் தட்டுனா செயின் தானா ஒண்ணுலேந்து இன்னொண்ணுக்குத் தாவுது. ஏத்தத்துக்கு ஒண்ணு, எறக்கத்துக்கு ஒண்ணு."

அண்ணி சோடா பாட்டிலை அப்படியே கீழே வைத்தாள்.

"எந்தத் தெருவுல பாத்தீங்க?" என்றாள்.